லேப்டாப் பெட்டியிலும் வாட் கணக்கை அச்சிடச் சொல்லுங்கள்

எரிசக்தித் திறன் பணியகத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஃப்ரிட்ஜ் வாங்கப் போகிறவர்கள் கதவில் ஒட்டியிருக்கும் உங்கள் ஸ்டார் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிறார்கள். வருஷத்துக்கு எத்தனை யூனிட் இழுக்கும் என்று அதில் இருக்கிறது. அதே கடையில் லேப்டாப் பக்கம் போனால் ராம், எஸ்எஸ்டி, பிராசசர் பெயர், 'பத்து மணி நேரம் பேட்டரி' என்று ஒரு வரி, அவ்வளவுதான். லேப்டாப்புக்கும் உங்களிடம் ஒரு முத்திரைத் திட்டம் உண்டு. ஆனால் நிறுவனங்கள் விரும்பினால் சேரலாம் என்ற அளவில்தான் இருக்கிறது. அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டே எழுதுகிறேன்.

பேட்டரி பெரிதாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 2020 தொடக்கத்தில் வந்த மேக்புக் ஏரில் இன்டெல் சிப். அதே ஆண்டு நவம்பரில் வந்ததில் ஆப்பிளின் எம்1. இரண்டிலும் பேட்டரி 49.9 வாட்-அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு), திரை 13.3 அங்குலம். இணையம் பார்க்க முதலாவதற்கு 11 மணி நேரம் என்று சொன்ன நிறுவனம், இரண்டாவதற்கு 15 என்றது. மாறியது உள்ளே இருந்த சிப்தான்.

பிராசசர் பெயரை வைத்து மட்டும் இதைக் கணிக்க முடியாது. 2008இல் சிறு மேசைக் கணினிகளுக்காக வந்த இன்டெல் ஆட்டம் 230 பிராசசருக்கு வெப்பக் கணக்கு, அதாவது முழு வேலையில் அது வெளியேற்றும் வெப்பம், 4 வாட். அதோடு வந்த 945ஜிசி சிப்செட்டுக்கு, அதாவது பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் துணைச் சிப்புக்கு, 22 வாட்! அந்த அளவு வித்தியாசம் இன்று இல்லை, ஆனால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. நாம் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது பிராசசர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. யூஎஸ்பி, வைஃபை, எஸ்எஸ்டி எல்லாவற்றையும் கவனிக்கும் சிப்செட்டும் அப்போது சேர்ந்து உறங்கினால்தான் மின்சாரம் மிச்சமாகும். எஸ்எஸ்டியின் இணைப்பு ஒன்று உறங்க மறுத்தாலும் சிப்செட் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகாது. இதனால் 3 வாட் கூடுகிறது என்று வையுங்கள். 50 வாட்-அவர் பேட்டரி 5 வாட்டில் 10 மணி நேரம் வரும், 8 வாட்டில் ஆறே கால் மணி நேரம்தான். பெட்டியில் அச்சிட்ட விவரம் இரண்டுக்கும் ஒன்றே.

மூடி வைத்த பிறகும் இதே கதைதான். பழைய எஸ்3 உறக்கத்தில் ராமுக்குத்தான் முக்கியமாக மின்சாரம் போகும். பல புதிய விண்டோஸ் லேப்டாப்களில் அதை எடுத்துவிட்டு, மூடியிருக்கும்போதும் பாதி விழிப்பிலேயே இருக்கும் மாடர்ன் ஸ்டாண்ட்பை முறையை வைத்திருக்கிறார்கள். சிப்செட் சரியாக அடங்காவிட்டால், ராத்திரி முழு சார்ஜோடு பைக்குள் வைத்த லேப்டாப்பைக் காலையில் வகுப்பில் எடுக்கும் மாணவிக்குச் சூடான அடிப்பக்கமும் வடிந்துபோன பேட்டரியும்தான் மிச்சம். கடனில் வாங்கிக் கொடுத்த பெற்றோர், பொருளே மட்டம் என்று நினைக்கிறார்கள். வாங்கும்போது அவர்கள் பார்த்து ஒப்பிட ஓர் எண் கூட இருக்கவில்லையே.

ஆகவே பேட்டரியின் வாட்-அவரோடு, திரை எரியும்போது சும்மா இருக்க எத்தனை வாட், மூடியிருக்கும்போது எத்தனை வாட் என்பதையும் பெட்டியின் மேல் போடச் சொல்லுங்கள். திரை வெளிச்சத்தை நீங்களே நிர்ணயித்து, வைஃபையை இணைத்து வைத்து அளக்கச் சொல்லுங்கள். வீடியோ ஓட்டிக் காட்டும் மணிக்கணக்கை மட்டும் ஏற்காதீர்கள். வீடியோவுக்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருப்பதால் அதில் செலவு குறைவு, பதினைந்து டேப் திறந்து வேலை பார்ப்பவருக்கு அந்த எண் பொருந்தாது.

இப்படிக்கு,
ஒரு நுகர்வோர்