எந்தப் பாடத்தை விடலாம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டுக்கல்வி பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மேல்வகுப்புக் கணக்கில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதை மட்டும் அது தொடவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக அதுதான் பேச்சு.

என் மகளுக்கு 16 வயது. ஏற்காட்டில் காப்பிச் செடிகளுக்கு நடுவே வளர்ந்தவள், தோட்டக்கலை படிக்க ஆசைப்படுகிறாள். தேர்வு எழுதப்போவது தேசியத் திறந்தநிலைப் பள்ளியில். வீட்டில் கையில் இருப்பது தமிழ்நாடு அரசின் பிளஸ் டூ கணிதப் புத்தகம். 2 தொகுதி, 12 அத்தியாயம்.

சேலத்தில் ஒரு டியூஷனில் கேட்டோம். “பன்னிரண்டையும் முடிச்சாகணும், புரியலைன்னா மனப்பாடம் பண்ணட்டும்” என்றார்கள். மூன்று மாதம் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஏறிப் போய்வந்தாள். கலப்பு எண்கள் பாடத்தில் வரும் டி மாய்வர் தேற்றத்தை வரி பிசகாமல் ஒப்பித்தாள். அது எதற்கு என்று கேட்டால் கண் கலங்கியது. நிறுத்திவிட்டோம்.

அப்புறம் நாங்களே உட்கார்ந்தோம். இந்தப் பாடத்தை எடுத்துவிட்டால் இதன்மேல் நிற்கிற வேறு எது விழும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கலப்பு எண்களையும், பரவளையம், நீள்வட்டத்தின் தொடுகோடுகளையும் தள்ளிவைத்தோம். நேர்மாறு முக்கோணவியலில் தொகையிடலுக்கு வேண்டிய இரண்டு மூன்று சூத்திரங்கள் போதும் என்று முடிவு செய்தோம். தேர்வில் சில மதிப்பெண் போகும் என்று தெரிந்தேதான் விட்டோம். நிகழ்தகவுப் பரவல்கள் 11-வது அத்தியாயம். அதை முதலில் எடுத்தோம். இரண்டு விதமாக உரம் வைத்த மிளகுக் கொடிகளில் எது நிஜமாகவே கூடுதலாகக் காய்த்தது என்று நாளைக்கு அவள் சொல்ல வேண்டுமானால் அதுதான் கைகொடுக்கும்.

வகையிடலும் தொகையிடலும் சேர்ந்த நுண்கணிதத்தில் மட்டும் எதையும் வெட்டவில்லை. அதற்கு உங்கள் நாளிதழே உதவியது. மேட்டூர் அணையின் நீர்மட்டமும் நீர் இருப்பும் வருகிற துணுக்குகளை வெட்டிவைத்து வரைபடத் தாளில் புள்ளி வைத்தாள். 120 அடிக்கு 93.47 டி.எம்.சி. அப்படியானால் 60 அடிக்குப் பாதி இருக்கும் என்று நினைத்திருந்தாள். பாதிக்கு எவ்வளவோ கீழே இருந்தது. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு மேலே போகப் போகச் செங்குத்தாக ஏறியது. “அடியில குறுகலா இருக்கும்மா, மேல விரியுது” என்றாள். அந்தக் கோட்டின் சாய்வுதான் அந்தந்த மட்டத்தில் தண்ணீர் விரிந்து நிற்கும் பரப்பு. பரப்பை அடி அடியாகக் கூட்டிக்கொண்டே போனால் இருப்பு. வகையிடலும் தொகையிடலும் அன்றைக்கு ஒரே தாளில் அவளுக்குப் பிடிபட்டன.

எங்கள் பட்டியல் எல்லோருக்கும் பொருந்தாது. பொறியியல் ஆசை துளி இருந்தாலும் ஒன்றையும் விடாதீர்கள் என்பேன். கலந்தாய்வின் 200 கட்-ஆஃப் மதிப்பெண்ணில் கணிதம் மட்டுமே 100. மின்னியலுக்குப் போனால் கலப்பு எண்கள் இல்லாமல் நகரவே முடியாது. மனம் மாறினால் என்ன செய்வது என்ற பயம் எனக்கும் உண்டு. திறந்தநிலைப் பள்ளியில் ஒருமுறை பதிந்தால் 5 வருடம் செல்லும் என்பதால் கொஞ்சம் தைரியமாக இருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வேளாண்மை, வணிகம், கட்டடக்கலை, கணினி என்று ஒவ்வொரு படிப்பிலும் முதல் வருடத்தில் எந்தெந்த அத்தியாயம் உண்மையில் தேவைப்படுகிறது என்று பாடம் நடத்துகிற பேராசிரியர்களைக் கேட்டுக் கல்விப் பக்கத்தில் வெளியிடுங்கள். ஜூனுக்கு முன்னால் வந்தால் நல்லது. அப்போதுதான் நாங்கள் இரண்டாம் தொகுதியின் மீதிப் பாடங்களைத் தொடங்குகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏற்காடு