அம்மாவுக்கு நத்தார் பரிசு: கடைசி நேரத்தில் கடைக்கு வருபவர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 22, 23ஆம் திகதிகளில் கடைக்குள் வருபவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பிள்ளைகளின் உடுப்பு, மனைவியின் சேலை, வீட்டு முன்னறைக்குத் திரைச்சீலை எல்லாம் முன்பே எடுத்து முடிந்திருக்கும். அம்மாவுக்குத்தான் ஒன்றும் எடுத்திருக்க மாட்டார்கள். “எனக்கு என்னத்துக்கு, பிள்ளைகளுக்கு எடுங்கள்” என்று அவர் சொன்னதை அப்படியே நம்பியிருப்பார்கள். கையில் மிஞ்சியிருப்பது 2000 அல்லது 3000 ரூபாய். கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: “இந்தக் காசுக்குள் ஒரு நல்ல சேலை இருக்கிறதா?”

சேலை இருக்கிறது. நீங்கள் நினைக்கிற மாதிரிப் பகட்டான நல்ல சேலை இல்லை. புடவைக் கடைக்காரர் இப்படி எழுதக் கூடாதுதான். ஆனால் 26ஆம் திகதி அதே சேலையைத் திருப்பிக்கொண்டு வந்து நீங்கள் நிற்பதைவிட, இப்போதே சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

காரணம் உங்களுக்கும் தெரிந்ததுதான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. பிறகு சற்று இறங்கினாலும், இந்தியாவிலிருந்து வரும் துணியின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரியில் வற் வரியும் 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. முன்பு ஒரு சேலையும் சட்டைத் துணியும் எடுத்த காசுக்கு இன்று கிடைப்பது, கல் ஒட்டிய, மினுமினுக்கும் பொலியெஸ்டர். இரண்டு தடவை தோய்த்தால் கல் வாளிக்குள் கிடக்கும்.

சந்தேகம் இருந்தால் எந்தக் கடையிலும் ஒன்று செய்து பாருங்கள். ஓரத்திலிருந்து இரண்டு நூலை இழுத்துத் தீக்குச்சியில் பிடியுங்கள். பருத்தி நூல் கடதாசி எரியும் மணத்துடன் எரியும். சாம்பலை விரலால் நசித்தால் பொடியாகிவிடும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, கறுத்த சிறு மணியாக இறுகும். எங்களிடம் கேட்டால் நூலை நாங்களே இழுத்துத் தருவோம். தீப்பெட்டி மேசை லாச்சியில்தான் இருக்கிறது.

சேலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 23ஆம் திகதி எடுக்கும் சேலைக்குச் சட்டை தைத்துத் தர ஊரில் ஒரு தையற்காரரும் இருக்க மாட்டார். டிசம்பர் தொடங்கும்போதே அவர்கள் புதிய தையலை ஏற்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே அம்மா நள்ளிரவுத் திருப்பலிக்குப் பழைய சேலையைத்தான் உடுத்துவார். நீங்கள் கொடுத்தது பூச்சி உருண்டையோடு அலுமாரிக்குள் போய்விடும்.

இவ்வளவு காசுதான் என்றால், பெரிய பொருளில் மலிவானதைத் தேடாதீர்கள். சின்னப் பொருளில் முதல் தரமானதை எடுங்கள்.

நைட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பரிசாகக் கொடுக்க வெட்கப்படுகிறார்கள். ஆனால் அம்மா நாளில் பெரும் பகுதி உடுத்தியிருப்பது அதைத்தான். அவர் தனக்கென்று எடுத்தால் இருப்பதில் குறைந்த விலையானதை எடுப்பார். அதனால் நீங்கள் எடுக்கும்போது கனமான பருத்தியில், இரட்டைத் தையல் போட்டதாக எடுங்கள். உள்பக்கம் திருப்பிக் கக்கத்துத் தையலைப் பாருங்கள். முதலில் பிரிவது அங்கேதான். தோள்மூட்டு நோ உள்ள அம்மாவுக்குத் தலைவழியாகப் போடுவது வேண்டாம், முன்பக்கம் முழுவதும் பொத்தான் வைத்ததைக் கேளுங்கள். பொக்கற் கட்டாயம் வேண்டும். திறப்பும் கைத்தொலைபேசியும் வைக்க இடமில்லாத நைட்டியை எந்த அம்மாவும் இரண்டாம் தடவை போடமாட்டார்.

அளவு தெரியாது என்பதுதான் மகன்மாரின் பெரிய பிரச்சினை. அவருடைய பழைய நைட்டி ஒன்றைக் கட்டிலில் விரித்து, ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கம் வரை அளந்து, இரண்டால் பெருக்கிக்கொண்டு வாருங்கள். கழுத்திலிருந்து கீழ் ஓரம் வரை நீளமும் வேண்டும். பருத்தி முதல் தோய்ப்பில் சற்றுச் சுருங்கும், ஆகவே ஒரு அளவு பெரிதாகத் தருவோம்.

சேலைதான் கொடுக்க வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், நூல் வொயில் என்கிற மெல்லிய பருத்திச் சேலையைப் பாருங்கள். எங்களிடம் 3000 ரூபாயை ஒட்டித் தொடங்குகிறது. பட்டின் பகட்டு இதற்கு இல்லை. ஆனால் நம்முடைய வெயிலுக்கு இதைவிட இதமான உடை கிடையாது, வீட்டில் இருக்கும் வெள்ளைச் சட்டையோ கறுப்புச் சட்டையோ பெரும்பாலும் பொருந்திவிடும். துவாய், படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் அதற்குக் கீழே வரும். அவற்றைப் பற்றி விரித்து எழுத ஒன்றும் இல்லை, தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நிறத்தை மட்டும் கடைக்குள் நின்று முடிவு செய்யாதீர்கள். எங்கள் விளக்கு வெளிச்சத்தில் அரக்கு நிறம் ஒரு மாதிரியும், வெளியே வேறு மாதிரியும் தெரியும். துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தையே அனுப்புகிறோம். இரவில் கேட்டால் காலைவரை பொறுக்க வேண்டும்.

நிறத்தோடு சேர்த்து ஒன்று. அப்பா இல்லாத வீடு என்றால், கேட்காமலே வெள்ளையிலும் சாம்பலிலும் கை வைக்கிறீர்கள். அம்மா அப்படித்தான் விரும்புகிறார் என்று நிச்சயமாகத் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் தங்கையிடமோ பெரியம்மாவிடமோ ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேளுங்கள். இளநீலமும் கத்தரிப்பூ நிறமும் விருப்பத்தோடு உடுத்தும் அம்மாமார் இந்தக் கடைக்கு நிறையப் பேர் வருகிறார்கள்.

எங்களிடம் இல்லாத பொருட்களையும் சொல்லிவிடுகிறோம். கண் மங்கிய அம்மாவுக்குப் பெரிய எழுத்து வேதாகமம். அடுப்படியில் நீத்துப்பெட்டி கறுத்து, ஓலை விட்டிருந்தால், சந்தையில் புதிதாக ஒன்று. சில நூறு ரூபாய்தான், அடுத்த நாள் பிட்டுக்கே உதவும். குருநகரிலோ பாசையூரிலோ நள்ளிரவில் கோயிலுக்கு நடந்து போகிறவருக்கு ஒரு குடை. மூன்றாக மடிப்பது வேண்டாம், வாடைக்காற்றுக்கு அது உடனே மறுபக்கம் புரண்டுவிடும். நீளக் குடையாக வாங்குங்கள்.

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் 24ஆம் திகதி மாலைவரை தாமதிக்க வேண்டாம். காற்றுக் கூடினால் குறிகட்டுவானிலிருந்து படகு ஓடாது. ஓடினாலும் பொதி நனையும். சொன்னால் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றித் தருவோம், அதற்குக் காசு இல்லை.

அம்மாமார் பொதியைப் பிரித்ததும் முதலில் தேடுவது விலைச்சீட்டை. “ஏன் பிள்ளை இவ்வளவு காசு?” என்ற விசாரணை அதன் பிறகு தொடங்கும். ஆகவே விலைச்சீட்டைக் கழற்றி, பற்றுச்சீட்டோடு ஒரு உறையில் போட்டு உங்கள் கையில் தருகிறோம். அதைத் தொலைக்காதீர்கள். அளவோ நிறமோ சரிவராவிட்டால், தோய்க்காத துணியை ஜனவரி 6 வரை மாற்றிக்கொள்ளலாம். அம்மாவையே அழைத்துக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. காசைத் திருப்பித் தருவதில்லை. அதே விலைக்கு வேறு பொருள் எடுக்கலாம்.

24ஆம் திகதி இரவு 9 மணிவரை கடை திறந்திருக்கும். மாலை 5 மணிக்குப் பிறகு நெரிசல் கூடிவிடும், நின்று விளக்கம் சொல்ல எங்கள் பிள்ளைகளுக்கு நேரம் இருக்காது; முடிந்தவர்கள் காலையில் வாருங்கள். 25ஆம் திகதி பூட்டு. 26ஆம் திகதி பகல் 12 மணிக்குத் திறப்போம்.

நத்தார் வாழ்த்துகளுடன்,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்
யாழ்ப்பாணம்