இதயத்தில் புதுச் செல்லை வைத்தால் போதுமா, அது சேர்ந்து துடிக்க வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு முன்பு உங்கள் ஞாயிறு இணைப்பில், பழுதான இதயத்தில் புதிய செல்களை வைத்துச் சரிசெய்வது பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்தது. என் அக்கா அதைக் கத்தரித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். அந்தக் காகிதத்தால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாமாவுக்கு உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம். தோட்டத்தில் இருந்தபோது ஹார்ட் அட்டாக் வந்தது. மதுரை பெரியாஸ்பத்திரிக்கு உடனே கொண்டுவந்ததால் உயிர் பிழைத்தார். ஆனால் எக்கோ ஸ்கேன் எடுத்தபோது பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் வெளியே தள்ளும் ரத்தம், 30 சதவீதம்தான் என்றார்கள். மாத்திரை, உப்புக் குறைவு, தண்ணீர் அளவு என்று வீடு திரும்பினோம். அக்காவுக்கு அது போதவில்லை. யாரோ கொடுத்த நம்பரைப் பிடித்து, வெளியூரில் உள்ள ஒரு தனியார் மையத்தில் பேசிவிட்டார். ஸ்டெம்செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டால் இதயம் பழையபடி ஆகிவிடும், 6 லட்சம் ஆகும் என்றார்களாம். முன்பணமாக 50 ஆயிரம் கட்டியும் ஆகிவிட்டது. மீதிக்குத் தோட்டத்தை விலை பேசியபோதுதான் எனக்கே தெரியும்.

அக்காவையும் அந்தக் கத்தரிப்பையும் கூட்டிக்கொண்டு மறுபடி பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு இளம் டாக்டர், வெளியே அத்தனை பேர் காத்திருந்தும், கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார். "இது இன்னும் ஆராய்ச்சியிலதான்மா இருக்கு. நிலத்தை வித்துறாதீங்க" என்றார். அவர் சொன்ன ஒரு விஷயம் என் மண்டையில் நின்றுவிட்டது: "செல்லை உள்ளே வைக்கலாம். அது இதயத்தோட கரண்ட்டுக்குச் சேர்ந்து துடிக்கணுமே."

நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சில வருடம் லோயர் கேம்பில் பெரியாறு மின் நிலையத்தில் இருந்தேன். ஓடிக்கொண்டிருக்கும் லைனோடு ஒரு ஜெனரேட்டரைச் சேர்ப்பது விளையாட்டல்ல. வோல்டேஜ் சரியாக இருக்க வேண்டும், பிரீக்வென்சி சரியாக இருக்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போவதைக் காட்டும் மீட்டரின் முள் பன்னிரண்டு மணி இடத்துக்கு வரும் நேரம் பார்த்து பிரேக்கரைப் போட வேண்டும். தப்பினால் மெஷினே அடிவாங்கும். அதனால் டாக்டர் சொன்னது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அப்புறம் பேத்தியின் உதவியோடு கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

பெரிய அட்டாக்கில் நூறு கோடி இதயத் தசைச் செல்கள் வரை சாகலாம். இதயம் தானாகப் புதுப்பித்துக்கொள்வது மிகக் குறைவு. 25 வயதில் வருடத்துக்கு 1 சதவீதம், 75 வயதில் அரை சதவீதம்கூட இல்லை. அதனால் வெளியிலிருந்து செல் வைக்கும் யோசனை நியாயமானதுதான். 2000-இல் பாரிஸில் மெனாஷே என்ற மருத்துவர், நோயாளியின் தொடைத் தசையிலிருந்து செல் எடுத்து வளர்த்து, பைபாஸ் செய்யும்போதே இதயத்தில் வைத்தார். உங்கள் கட்டுரை இதைச் சொன்னது. தொடர்ந்து நடந்ததைச் சொல்லவில்லை. முதலில் செய்த 10 பேரில் 4 பேருக்கு ஆபத்தான படபடப்பு வந்து, மார்பில் ஷாக் கொடுக்கும் கருவி பொருத்த வேண்டியதாயிற்று. அப்புறம் 97 பேரிடம் செய்த ஆய்வின் முடிவு 2008-இல் வந்தது. இதயத்தின் பம்பிங் எதிர்பார்த்தபடி கூடவில்லை.

இதற்கு ஒரு முக்கியக் காரணம் வயரிங். இதயச் செல்கள் ஒன்றோடொன்று கனெக்சின் என்ற புரதத்தால் இணைந்திருக்கின்றன. ஒரு இடத்தில் தட்டிய மின்சாரம் எல்லாவற்றுக்கும் பாயும். கை கால் தசை நார்கள் அப்படியில்லை. ஒவ்வொன்றும் தனி லைன், நரம்பு வந்து தொட்டால்தான் சுருங்கும். அதை இதயத்தில் வைத்தால் நரம்பும் இல்லை, பக்கத்துச் செல்லோடு இணைப்பும் இல்லை.

அதனால்தான் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துச் சுருங்க வைக்கும் மின் தூண்டல் என்ற வழியைத் தேடினார்கள். இதற்கு முன்கதையும் உண்டு. 1985-இல் அதே பாரிஸில் கார்பென்டியே என்ற மருத்துவர், முதுகுத் தசையை இதயத்தைச் சுற்றிக் கட்டி, பேஸ்மேக்கர் (இதயத்தை மின்சாரத்தால் துடிக்க வைக்கும் கருவி) போன்ற கருவியால் துடிப்புக்கு ஏற்றபடி சுருங்க வைத்தார். சீக்கிரம் களைத்துவிடும் தசை, வாரக்கணக்கில் மெல்லிய மின்சாரம் கொடுத்துப் பழக்கினால் களைக்காத தசையாக மாறும் என்பது அதற்கும் முன்பே கண்டுபிடித்தது. அந்த அறுவை சிகிச்சை நிலைக்கவில்லை. ஆனால் அவரோடு வேலை செய்த சாச்க்வெஸ் என்ற மருத்துவர் அந்த யோசனையைச் செல்களுக்குக் கொண்டுபோனார். செம்மறி ஆடுகளின் இதயத்தில் தசைச் செல் வைத்து, இரண்டு கீழறைகளையும் ஒருசேரத் தூண்டும் பேஸ்மேக்கரையும் பொருத்திப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்தபோது பலன் தெரிந்தது. அது ஆட்டில்.

இப்போது ஸ்டெம்செல்லிலிருந்து நிஜமான இதயச் செல்லையே உருவாக்குகிறார்கள். ஆய்வகத்தில் மின்சாரம் கொடுத்து அதைப் பழக்கி முதிர வைக்கிறார்கள். இவை இதயத்தோடு இணைந்து துடிக்கும். அதிலும் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் குரங்குகளுக்கு வைத்தபோது செல்கள் சேர்ந்து துடித்தன, கூடவே துடிப்புக் கோளாறும் வந்தது. 2014-இல் வெளியான முடிவு இது. இவர்கள் வேலைமீது எனக்குப் பெரிய மரியாதை. மாமா காலத்தில் இல்லாவிட்டாலும் பேத்தி காலத்தில் இது கைகூட வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன்.

ஆனால் இன்றைக்கு நம் நாட்டில் இது விற்பனைக்கு உரிய சிகிச்சை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர ஸ்டெம்செல்லைப் பதிவு செய்த ஆய்வில்தான் கொடுக்கலாம். அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. அந்த மையத்தில் இதைக் கேட்டேன். போனை வைத்துவிட்டார்கள். முன்பணம் இன்னும் வரவில்லை.

மாமா மாத்திரையில்தான் இருக்கிறார். காலையில் வரப்பு வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார். தோட்டம் கையில் இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, இது ஆய்வில்தான் இருக்கிறது, யாரும் பணம் கேட்டால் கட்டாதீர்கள் என்ற இரண்டு வரியைத் தலைப்புக்குக் கீழேயே பெரிய எழுத்தில் போடுங்கள். மூலையில் போட்டால் கத்தரிக்கும்போது விட்டுப்போகும். அக்கா தலைப்பையும் படத்தையும் முதல் பத்தியையும்தான் கத்தரித்து வைத்திருந்தார்.

இப்படிக்கு,
மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற வாசகர்,
செல்லூர், மதுரை.