குதிரையின் 'முழங்கால்' முழங்கால் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பார்பரோ என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரை பற்றிய கட்டுரையைப் படித்தேன். 2006 மே மாதம் கென்டக்கி டெர்பியில் ஜெயித்து, இரண்டே வாரத்தில் ப்ரீக்னெஸ் பந்தயத்தில் வலது பின்னங்கால் நொறுங்கிப்போன குதிரை அது. அந்தக் கதையைத் தமிழில் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் 'கணுக்கால் முறிந்தது' என்று எழுதியதும், கூடவே போட்ட படத்தில் முன்னங்காலின் நடுவே அம்புக்குறி இட்டு 'முழங்கால்' என்று காட்டியதும் தவறு. கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் கையை மேசைமேல் வைத்து, நடுவிரல் நுனி மட்டும் படும்படி மற்ற விரல்களை மடக்கி, உள்ளங்கையை நிமிர்த்திப் பாருங்கள். அதுதான் குதிரையின் முன்னங்கால். நகம்தான் குளம்பு. குதிரைக்காரர்கள் முட்டி என்று சொல்கிற மூட்டு நம்முடைய மணிக்கட்டு. உண்மையான முழங்கால் பின்னங்காலில்தான், அதுவும் மேலே வயிற்றை ஒட்டினாற்போல் இருக்கிறது. பின்னங்காலின் பாதி உயரத்தில் பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறதே, ஹாக் என்பார்கள், அந்த மூட்டுதான் நம் கணுக்காலுக்குச் சமம். பார்பரோவுக்கு உடைந்தது அங்கே இல்லை, அதற்கும் வெகு கீழே, குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் ஃபெட்லாக் என்ற மூட்டைச் சுற்றி. அமெரிக்கப் பந்தய வட்டாரத்தில் ஃபெட்லாக்கையும் பேச்சுவழக்கில் கணுக்கால் என்றே சொல்கிறார்கள், அதை அப்படியே தமிழாக்கியதால் வந்த வினை இது என்று நினைக்கிறேன்.

முட்டிக்குக் கீழே ஒவ்வொரு காலிலும் ஒன்பது எலும்புகள். பெரியது கேனன் எலும்பு, குழாய் போல இருப்பதால் அந்தப் பெயர், நம் உள்ளங்கையில் நடுவிரலுக்கு நேராக ஓடும் எலும்பு அது. அதன் இரண்டு பக்கமும் ஈர்க்குச்சி மாதிரி கீழே போகப் போக மெலிந்துகொண்டே போகும் ஸ்ப்ளிண்ட் எலும்புகள் இரண்டு. காலைத் தூக்கிப் பிடித்து விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தால், ஃபெட்லாக்கைத் தொடுவதற்கு முன்பே, பட்டாணி அளவில் ஒரு முடிச்சோடு அவை நின்றுவிடுவது விரலுக்குத் தெரியும். பல கோடி வருடங்களுக்கு முன் குதிரையின் மூதாதைக்கு முன்னங்காலில் நாலு விரல் இருந்தது, அதில் இரண்டு விரல்களின் மிச்சம்தான் இந்தக் குச்சிகள். நான் முதன்முதலில் அதைத் தொட்டு உணர்ந்த நாள் இன்னும் மறக்கவில்லை.

ஃபெட்லாக்குக்குப் பின்னால் இரண்டு செசமாய்டு எலும்புகள். எள் மாதிரி என்று பொருள், குதிரையில் அவை எள்ளைவிட எவ்வளவோ பெரியவை என்பது வேறு விஷயம். அதற்குக் கீழே நெட்டைப் பாஸ்டர்ன், குட்டைப் பாஸ்டர்ன், குளம்புக்குள் பெட்டியில் வைத்த மாதிரி காஃபின் எலும்பு. இந்த மூன்றும் நம் நடுவிரலின் மூன்று எலும்புகள். காஃபினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்ன எலும்பு நேவிகுலர். பாஸ்டர்ன் என்ற சொல்லே ஆதியில் மேய்ச்சலில் விட்ட குதிரையின் காலில் போடும் தளையைக் குறித்ததாம், தளை கட்டும் இடத்துக்கே அப்புறம் அந்தப் பெயர் நின்றுவிட்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். ஒருமுறை குதிரை வண்டிக்காரர் ஒருவர் போன் செய்து, "சார், பின்னங்கால்ல கணுக்கால் வீங்கியிருக்கு" என்றார். நான் ஹாக் என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றி ஓய்வு கொடுங்கள், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் வீக்கம் ஃபெட்லாக்கில், அதற்குக் கீழே கட்டியிருந்த கயிறு தோலை அறுத்துச் சீழ் வைத்திருந்தது. எந்த மூட்டு என்று அன்றைக்கே கேட்டிருந்தால் கயிறைப் பற்றியும் கேட்டிருப்பேன். அந்தக் குதிரை ஒரு நாள் அதிகமாக வேதனைப்பட்டது என் தவறால்தான்.

நம் கெண்டைக்காலில் திரண்டிருப்பதைக் குதிரைச்சதை என்கிறோம், ஆனால் குதிரைக்கு முட்டிக்கும் ஹாக்குக்கும் கீழே சதை என்று சொல்லும்படி எதுவுமே இல்லை, எலும்பு, நரம்பு, தசைநாண், தோல், அவ்வளவுதான். அதனால்தான் அங்கே முறிந்தால் ஆறுவது அவ்வளவு கஷ்டம். பார்பரோவுக்குக் கேனன், செசமாய்டு, நெட்டைப் பாஸ்டர்ன் மூன்றும் உடைந்து 20-க்கும் மேற்பட்ட துண்டுகள், தகடு வைத்து 27 திருகு போட்டார்கள். பாரம் மற்றக் கால்களுக்கு மாறியது. இடது பின்னங்காலில் குளம்பையும் காஃபின் எலும்பையும் பிணைக்கும் திசு கெட்டுப்போனது, பிறகு முன்னங்கால்களிலும் அதே கோளாறு. 2007 ஜனவரி 29 அன்று ஊசி போட்டு அதன் வேதனையை முடித்தார்கள். உங்கள் கட்டுரை முறிவோடு நிறுத்திவிட்டு, அந்த எட்டு மாதப் போராட்டத்தை ஒரே வரியில் கடந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் எட்டாம் வகுப்பு படிக்கும் பெண் அந்தப் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு திருத்திய படத்தை அதே அளவில் போடுங்கள், பழையதன் மேலேயே ஒட்டிக்கொள்வாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், ஈரோடு மாவட்டம்