ப்ரூஸ் ப்ரவுன் திரும்ப வந்துட்டான் மாப்ள

டேய் பாஸ்கரு,

உன் லெட்டர் வந்து நாளாச்சு, பதில் போட லேட்டாயிடுச்சு, கோச்சுக்காத. மாடில ஒரு ரூம் எடுக்கறோம், கொத்தனார் ஒரு நாள் வந்தா ரெண்டு நாள் வர்றதில்ல, மணல் வந்தா சிமெண்ட் வரல, அப்படியே பொழுது ஓடிருது. தங்கச்சி, பிள்ளைங்க எல்லாம் சௌக்கியமா? பெரியவ பத்தாவதுல நல்ல மார்க்குன்னு உங்கம்மா மார்க்கெட்ல பாத்தப்ப சொன்னாங்க, அவங்க முகத்துல அவ்ளோ சந்தோஷம்டா. பிள்ளைகிட்ட மாமா ரொம்ப சந்தோஷப்பட்டேன்னு சொல்லு.

சரி விஷயத்துக்கு வரேன். நம்ம என்பிஏ பாஸ்கெட்பால் டீம் டென்வர் நகெட்ஸ் பத்தி ரெண்டு கேள்வி கேட்டிருந்த. மைக்கேல் போர்ட்டரை ப்ரூக்ளினுக்கு குடுத்ததும் இல்லாம 2032 ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக்கையும், அதான் அந்த வருஷம் புதுப் பசங்களை எடுக்கற முதல் சுத்து உரிமையையும், சேத்து ஏன் குடுத்தாங்கன்னு ஒண்ணு, 2023ல கப் ஜெயிச்ச டீம் ரெண்டே வருஷத்துல எப்படி இந்த கதிக்கு வந்துச்சுன்னு இன்னொண்ணு. என்னை கேட்டா ரெண்டும் ஒரே கேள்விதான் மாப்ள. நம்ம ஸ்டார் சென்டர் ஜோகிச் பெஞ்ச்ல உக்காந்து மூச்சு வாங்குற அந்த பத்து பன்னெண்டு நிமிஷம் டீமை யாரு பாத்துக்கறது, அவ்ளோதான். 2023ல அதுக்கு ஆள் இருந்தாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா போனாங்க, இந்த 2025 சம்மர்லதான் திரும்ப ஆள் சேத்திருக்காங்க.

2023 ஃபைனல்ஸ் நாலாவது மேட்ச் ஞாபகம் இருக்கா, மியாமில? ஜோகிச்சுக்கு நாலாவது குவார்ட்டர்ல அஞ்சாவது ஃபவுல் விழுந்து வெளிய போய் உக்காந்துட்டான், நாம ரெண்டு பேரும் அவ்ளோதான்னு நினைச்சோம். அப்ப பெஞ்ச்ல இருந்து வந்த ப்ரூஸ் ப்ரவுன் அந்த குவார்ட்டர்ல மட்டும் 11 பாயிண்ட், மொத்தம் 21. கடைசில பின்னாடி ஒரு எட்டு வச்சு ஒரு த்ரீ போட்டான் பாரு, அதோட மியாமி முடிஞ்சுது, 108-95. அந்த மேன் இல்லன்னா சீரிஸ் 2-2 ஆகிருக்கும்னு இன்னைக்கும் சொல்றேன்.

அவனை ஏன் விட்டாங்கன்னு நிறைய பேர் ஓனரை திட்டுனாங்க, ஆனா அந்த ஒரு விஷயத்துல அவங்களால ஒண்ணும் பண்ணிருக்க முடியாதுடா. 2022ல அவன் வந்தது வருஷத்துக்கு சுமார் 6.5 மில்லியன் டாலருக்கு, ரெண்டாவது வருஷம் அவன் இஷ்டம்ங்கற மாதிரி காண்ட்ராக்ட். சாலரி கேப்பை, அதான் டீமோட மொத்த சம்பளத்துக்கு லீக் வச்ச வரம்பை, தாண்டுன டீம் தன்னோட சொந்த பிளேயருக்கு எவ்ளோ வேணா குடுக்கலாம்தான், ஆனா அதுக்கு அவன் இடையில வேற டீமுக்கு சைன் பண்ணாம மூணு சீசன் ஓட்டிருக்கணும், அதான் பேர்ட் ரைட்ஸ். ஒரே வருஷம் ஆடுனவனுக்கு பழைய சம்பளத்துல 120 சதவீதம்தான் குடுக்க முடியும், அதாவது 7.8 மில்லியன் மாதிரி. இந்தியானா ரெண்டு வருஷத்துக்கு 45 மில்லியன்னு நீட்டுச்சு. எவன் போகாம இருப்பான், நானா இருந்தாலும் போவேன், அவன் மேல ஒரு குத்தமும் இல்ல. அதே சம்மர்ல பெஞ்ச்ல இருந்த ஜெஃப் க்ரீனும் ஹூஸ்டனுக்கு கிளம்பிட்டான்.

என் கோவம் எல்லாம் அதுக்கப்புறம் நடந்ததுலதான். கால்வின் பூத்துன்னு அப்ப இருந்த ஜிஎம், அதான் ஜெனரல் மேனேஜர், என்ன நினைச்சாருன்னா, காசு குடுத்து வெட்டரன்ஸ் எடுக்க வேண்டாம், ட்ராஃப்ட்ல எடுத்த சின்ன பசங்களை வளத்தே பெஞ்சை ரெடி பண்ணிடலாம்னு. ப்ரான், பெய்ட்டன் வாட்சன், ஸ்ட்ராதர், பிக்கெட், ஹன்டர் டைசன்னு வரிசையா பசங்க. யோசனை தப்புன்னு சொல்ல மாட்டேன், ப்ரான் நல்லாவே வந்தான், வாட்சனும் டிஃபன்ஸ்ல கை நீளம், பிளாக் பண்றதுக்குன்னே பொறந்தவன். ஆனா கோச் மலோனுக்கு அந்த பசங்க மேல நம்பிக்கை வரல, அவர் ஆட விடல, ஆட விடாம பசங்க எப்படி வளருவாங்க சொல்லு. ஜிஎம் ஒரு பக்கம் இழுக்க கோச் ஒரு பக்கம் இழுக்க, நடுவுல ஜோகிச்சோட வயசு ஓடிட்டு இருக்கு. இதுல ஸீக் நாஜிக்கு 2023 அக்டோபர்ல நாலு வருஷம் 32 மில்லியன் வேற, அவன் கோர்ட்ல நின்ன நேரத்தை விட பெஞ்ச்ல உக்காந்த நேரம்தான் ஜாஸ்தி. அந்த காசுல ஒரு நல்ல பேக்கப் சென்டர் கிடைச்சிருப்பான்.

2024ல மின்னசோட்டாகிட்ட ஏழாவது மேட்ச், சொந்த ஊர்ல, மூணாவது குவார்ட்டர்ல 20 பாயிண்ட் லீட், அப்படியே விட்டு 98-90 தோத்தோம். அன்னைக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க, நான் பாத்தது கால் போனதைத்தான். நாம டிஸ்ட்ரிக்ட் ஆடுனப்ப ஞாபகம் இருக்காடா, அஞ்சு பேரு நல்ல பிளேயர், ஆறாவது ஆளே கிடையாது, காலைல செமி சாயங்காலம் ஃபைனல்னா ஃபைனல்ல செகண்ட் ஹாஃப்ல எல்லாருக்கும் ஷாட் ரிம்முக்கு முன்னாடியே விழும். அதே ஷாட்தான் அன்னைக்கு டென்வர் கோர்ட்லயும் விழுந்துச்சு, பந்து முழுக்க ஷார்ட்டு.

அந்த சம்மர்ல நம்ம ஸ்டார்ட்டர் கேசிபி, அதான் கென்டேவியஸ் கால்ட்வெல்-போப், போனான். 15.4 மில்லியன் ஆப்ஷனை வேணாம்னுட்டு ஒர்லாண்டோவுக்கு மூணு வருஷம் 66 மில்லியன். இவனை வச்சிக்க ரூல் எதுவும் தடுக்கல, ஆனா வச்சா டீமோட மொத்த சம்பளம் செகண்ட் ஏப்ரனை, அதான் கேப்புக்கும் மேல லீக் போட்ட கோட்டை, தாண்டி எங்கயோ போயிருக்கும். இந்த செகண்ட் ஏப்ரன்தான் லீக்குக்கும் பிளேயர்ஸுக்கும் புது அக்ரிமெண்ட் வந்ததுல இருந்து எல்லா டீமையும் ஆட்டி வைக்குது மாப்ள. 2025-26க்கு கேப் 154.6 மில்லியன், செகண்ட் ஏப்ரன் 207.8. அதை தாண்டுனா டேக்ஸ் கட்டுறது மட்டும் இல்ல, கையை கட்டி போட்டுடுவாங்க. மினிமம் சம்பளத்துக்கு மேல குடுத்து வெளி ஃப்ரீ ஏஜென்ட்டை, அதான் காண்ட்ராக்ட் முடிஞ்ச ஆளை, எடுக்க முடியாது, ரெண்டு பேர் சம்பளத்தை கூட்டி ஒரு பெரிய ஆளை ட்ரேட்ல வாங்க முடியாது, ஏழு வருஷம் தள்ளி வர்ற பிக்கை ட்ரேட் பண்ண முடியாம ஃப்ரீஸ் பண்ணிடுவாங்க. ஓனர் க்ரோங்கி குடும்பத்துக்கு காசுக்கு என்ன பஞ்சம், ஆர்சனல் இருக்கு, ராம்ஸ் இருக்கு, அவலாஞ்ச் இருக்கு, ஆனாலும் அந்த கோட்டை தாண்ட மாட்டேன்னு நின்னாங்க.

நியாயமா சொல்லணும்னா கேசிபி அந்த காசுக்கு ஆடலதான். ஒர்லாண்டோல அவன் த்ரீ 34 சதவீதத்துக்கு இறங்கிடுச்சு, ஒரே வருஷத்துல மெம்ஃபிஸுக்கு ட்ரேட் பண்ணிட்டாங்க. அவன் இடத்துல ப்ரான் ஸ்டார்ட்டரா வந்து 15 பாயிண்ட் ஆவரேஜ் போட்டான், அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா பாரு, ப்ரான் மேல போனதும் பெஞ்ச்ல அவன் இருந்த இடம் காலி. ஓட்டை ஸ்டார்ட்டிங் ஃபைவ்ல விழல, அதுக்கு பின்னாடி விழுந்துச்சு, அதை அடைக்க வந்தவங்க மினிமத்துக்கு வெஸ்ட்புரூக், 5 மில்லியன் சொச்சத்துக்கு டாரியோ சாரிச். வெஸ்ட்புரூக் உயிரை குடுத்து ஆடுனான், மறுக்கவே மாட்டேன், சில மேட்ச் அவனாலதான் ஜெயிச்சோம். சாரிச்சை மலோன் கொஞ்ச மேட்சோட ஓரமா உக்கார வச்சுட்டாரு.

அப்புறம் 2025 ஏப்ரல்ல நடந்தது உனக்கே தெரியும், ரெகுலர் சீசன் முடிய மூணே மேட்ச் இருக்கறப்ப கோச்சையும் ஜிஎம்மையும் ஒரே நாள்ல வெளிய அனுப்புனாங்க. அசிஸ்டன்ட்டா இருந்த அடெல்மேன் கோச்சா வந்து எப்படியோ டீமை ஒண்ணா சேத்து, கிளிப்பர்ஸை ஏழு மேட்ச்ல முடிச்சு, ஒக்லஹோமாவையும் ஏழாவது மேட்ச் வரைக்கும் இழுத்தான். அந்த வருஷம் கப்பே ஜெயிச்ச ஒக்லஹோமாவை அவ்ளோ தூரம் இழுத்தோம்ங்கறது சின்ன விஷயம் இல்லடா. ஆனா அவங்ககூட ஆடுன அந்த நாலாவது மேட்ச்தான் எனக்கு தூக்கத்தை கெடுத்துச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஓவர்டைம் ஆடிட்டு, ஞாயித்துக்கிழமை மதியமே அடுத்த மேட்ச், நமக்கு இங்க ராத்திரி ஒரு மணி. மூணு குவார்ட்டர் முடிஞ்சப்ப நாமதான் லீடு. நாலாவதுல அவங்க பெஞ்ச்ல இருந்து வாலஸ், விக்கின்ஸ், கரூசோன்னு ஒவ்வொருத்தனா வந்து த்ரீ போடுறான், ஓடுறான், பந்தை பிடுங்குறான், நம்ம ஆளுங்க முட்டி மேல கைய வச்சு குனிஞ்சு நிக்கறாங்க. 92-87. அடுத்த மேட்ச்ல ஜோகிச் 44 போட்டும் தோத்தோம். ஏழாவதுக்கு ஆரன் கார்டன் தொடைல ஹாம்ஸ்ட்ரிங் போயும் கட்டு போட்டு வந்து நின்னான், போர்ட்டருக்கு கிளிப்பர்ஸ் சீரிஸ்லயே இடது தோள் போச்சு, அதோடயே ஆடிட்டு இருந்தான். சீரிஸ் முடிஞ்சதும் ஜோகிச்சே சொன்னான், பெஞ்ச் நீளமா இருக்கற டீமுங்கதான் இப்ப ஜெயிக்குதுன்னு. அவன் அப்படி எல்லாம் வாயை திறக்கற ஆளா?

இப்ப உன் முதல் கேள்வி. ஜிஎம் இடத்துல பென் டென்ஸர், ஜான் வாலஸ்னு ரெண்டு பேரை ஒண்ணா மேல போட்டாங்க, வந்ததும் முதல் வேலையா போர்ட்டரை ப்ரூக்ளினுக்கு அனுப்பி கேம் ஜான்சனை வாங்குனாங்க. போர்ட்டருக்கு இந்த வருஷம் 38 மில்லியன், ஜான்சனுக்கு 21 பக்கம். ஷூட்டிங் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஜான்சன் போன சீசன் த்ரீ 39 சதவீதம், 18 பாயிண்ட்டுக்கு மேல ஆவரேஜ், பந்தை கீழ போட்டு ட்ரைவ் பண்ணி பாஸும் குடுப்பான். 17 மில்லியன் மிச்சம். அந்த மிச்சத்துக்குத்தான் 2032 பிக் விலை. எனக்கும் போர்ட்டர் போனதுல வருத்தம் உண்டுடா, முதுகுல அத்தனை ஆபரேஷன் பண்ணிட்டு வந்து கப் ஜெயிச்ச பையன், யாரு மேலயும் கைய நீட்டி கத்தாம அவன் ஷாட்டை அவன் போட்டுட்டு போவான். ஆனா 2032ல ஜோகிச்சுக்கு 37 வயசு. அன்னைக்கு எடுக்கப் போற ஒரு பத்தொம்போது வயசு பையனுக்காக இன்னைக்கு 30 வயசுல உச்சத்துல இருக்கற ஜோகிச்சை தனியா நிக்க விடுறதா? நான் ஜிஎம்மா இருந்தாலும் குடுத்திருப்பேன்.

ஏன்னா அந்த ஒரு ட்ரேடாலதான் மத்ததுக்கு வழி கிடைச்சுது. ஃப்ரீ ஏஜென்சி திறந்த சூட்டோட சூடா சாரிச்சை சாக்ரமெண்டோவுக்கு குடுத்து சென்டர் வாலன்சியூனஸை எடுத்தாங்க, சம்பளம் 10 மில்லியன், ஏப்ரனுக்கு கீழ இறங்காம இருந்தா கைல வந்திருக்காது. ஜோகிச் டென்வர் வந்ததுல இருந்து அவனுக்கு பின்னாடி இந்த மாதிரி ஒரு நிஜ சென்டர் இருந்த சீசனை விரல் விட்டு எண்ணிடலாம். நடுவுல கிரீஸ்ல பனாதினைகோஸ் அவனை கூப்பிடுதுன்னு நியூஸ் வந்து வயித்த கலக்கிடுச்சு, நல்லவேளை டென்வர் விடல. டிம் ஹார்டவே ஜூனியர் மினிமத்துக்கு வந்தான், போன வருஷம் டெட்ராய்ட்ல ஆடுன அத்தனை மேட்சும் ஸ்டார்ட்டர்.

அப்புறம் ப்ரூஸ் ப்ரவுன், மினிமத்துக்கு! இந்தியானா, டொராண்டோ, நியூ ஆர்லியன்ஸ்னு சுத்திட்டு, காசையும் சம்பாதிச்சுட்டு, எனக்கு டென்வர்தான்னு திரும்பி வந்துட்டான். நியூஸ் பாத்ததும் கத்திட்டேன், வீட்ல என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டாங்க. 2023 ப்ரூஸை அப்படியே எதிர்பாக்க கூடாதுன்னு தெரியும், முட்டில ஆபரேஷன் ஆயிருக்கு, 29 வயசு ஆகுது. ஆனா அவனும் ஜோகிச்சும் பேசாமயே புரிஞ்சுக்கறது, அந்த கட் பண்ணி உள்ள ஓடுற டைமிங், அதெல்லாம் போயிடாதுடா. இன்னும் பாயிண்ட் கார்டு இடம்தான் உதைக்குது, அந்த இடத்துல ஸ்டார்ட் பண்ற முர்ரே உக்காந்தா பந்தை கொண்டு வர பிக்கெட்தான், இல்லன்னா ப்ரூஸே கொண்டு வரணும்.

ஜோகிச் இந்த சம்மர்ல காண்ட்ராக்டை நீட்டிக்கற எக்ஸ்டென்ஷன் போடலன்னு நீ பயப்படாத. அடுத்த வருஷம் போட்டா ஒரு வருஷம் கூட சேத்து பெருசா போடலாம், அதான் கணக்கு, கைல இருக்கற காண்ட்ராக்டே இன்னும் ஓடுது. என் கவலை ப்ரான், வாட்சன் ரெண்டு பேரும்தான். ரெண்டு பேருக்கும் இந்த 2025 அக்டோபர் 20க்குள்ள எக்ஸ்டென்ஷன் பேசி முடிக்கணும், இல்லன்னா அடுத்த சம்மர்ல ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட், எவனாவது பெரிய ஆஃபரோட வருவான், நாமளும் அதே அளவு குடுத்தாதான் வச்சிக்க முடியும். ரெண்டு பேருக்கும் கேக்கறதை குடுத்தா மறுபடி அதே ஏப்ரன், அதே கதை. நான் ப்ரானை கண்டிப்பா முடிக்கணும்ங்கறேன், 25 மில்லியன் கேட்டாலும் குடுக்கணும், ஓடி ஓடி ஃபாஸ்ட் ப்ரேக்ல போடுற பையன் ஜோகிச் பாஸுக்கு எவ்ளோ முக்கியம்னு நீயே பாத்திருக்க. வாட்சனுக்கு ஒரு வருஷம் பாக்கலாம். உனக்கு எப்படி தோணுது, எழுது.

அந்த 20ஆம் தேதிதான் தீபாவளி, கவனிச்சியா? முதல் மேட்ச் கோல்டன் ஸ்டேட்கூட, நமக்கு 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலைல வரும். தீபாவளிக்கு வர்றதா இருந்தா திரும்பி போற டிக்கெட்டை ஞாயித்துக்கிழமைக்கு தள்ளி போடு, லீவு நாலு நாள் சேத்து கேளு. அதுக்குள்ள மாடி ரூமும் முடிஞ்சிடும், அங்கயே டிவியை மாட்டிடறேன்.

தங்கச்சியை விசாரிச்சதா சொல்லு.

முருகேசன்