சாலையில் செத்த பறவையின் பெயரையும் பதிவு செய்யுங்கள்: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு வனத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். சத்தியமங்கலம் காட்டில் பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் விடிகாலையில் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். தாரோடு ஒட்டிக் கிடக்கும் ஒரு பறவை. தலை இருந்த இடத்தில் டயர் தடம். மிஞ்சியது ஒரு சிறகு. சருகு நிறம், குறுக்கே கறுப்புப் பட்டைகள், நுனிப்பக்கம் வெளிறிய ஒரு புள்ளி. இரவில் பூச்சி பிடித்துத் தின்னும் பக்கி என்று சொல்லிவிடலாம். எந்தப் பக்கி?

சூடு ஆறாத சாலையில் பக்கிகள் இரவில் வந்து உட்காரும். வண்டி நெருங்கும்வரை எழாது. காட்டுப் பக்கி, இந்தியப் பக்கி, ஜெர்டன் பக்கி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நிறம். நாங்கள் பெரும்பாலும் குரலை வைத்துத்தான் பிரித்தறிகிறோம். நசுங்கிய பறவைக்கு அந்த வழியும் இல்லை. எத்தியோப்பியாவின் நெச்சிசார் சமவெளியில் 1990-இல் அடிபட்டுக் கிடந்த ஒரு பக்கியின் ஒற்றைச் சிறகை ஆய்வாளர்கள் எடுத்து வைத்தார்கள். அதைக் கொண்டே 1995-இல் ஒரு புதிய இனம் விவரிக்கப்பட்டது. நம் சாலைகளில் அப்படிப்பட்ட சிறகுகள் வெயிலில் தூளாகின்றன.

மரபணுச் சோதனை இந்தச் சிக்கலைத் தீர்க்கும். இறகின் அடிக்காம்போ, கால்விரலின் ஒரு துண்டோ போதும். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சிஓ1 என்ற மரபணுவில் ஏறக்குறைய 650 மரபணு எழுத்துகளைப் படித்து, பெயர் தெரிந்த பறவைகளின் மரபணு வரிசையோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் இனம் தெரிந்துவிடும். சிஎச்டி என்ற இன்னொரு மரபணுவைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்பதும் தெரியும். வெயிலிலும் மழையிலும் மரபணு சிதையும், காகமும் கீரியும் இழுத்துப் போய்விடும் என்பதால் விடிந்ததும் எடுக்க வேண்டும். ஒப்பிட நம் ஊர்ப் பறவைகளின் வரிசைகள் சேமிப்பில் இருப்பதும் அவசியம்.

2009-இல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தின் எஞ்சினில் ஒட்டியிருந்த எச்சத்தை ஸ்மித்சோனியன் நிறுவனம் இறகாலும் மரபணுவாலும் ஆராய்ந்து, கனடா வாத்து என்று உறுதி செய்தது. விமானத்தில் மோதிய பறவைக்குச் செய்வதை லாரியில் மோதிய பறவைக்கும் செய்யக் கூடாதா?

இதை உங்களிடம் கேட்கக் காரணம் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, இறந்து கிடக்கும் காட்டுயிர் அரசின் சொத்து. ஓர் இறகைக்கூட நாங்கள் எடுத்துவர முடியாது. விடிகாலை ரோந்து போகும் உங்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்களால் முடியும். எத்தனால் ஊற்றிய சிறு குப்பி, ஒரு கத்தரி, இடமும் நேரமும் எழுத ஒரு சீட்டு: அவர்கள் கையில் இவை இருந்தால் போதும். மரபணு ஆய்வுக்கு ஹைதராபாதில் அருகிவரும் உயிரினங்களுக்கான லாகோன்ஸ் ஆய்வகம் இருக்கிறது. பறவை அறிவுக்கு ஆனைகட்டியில் சாலிம் அலி மையம் பக்கத்திலேயே இருக்கிறது.

2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் இதே சாலையில் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. அதனால் எந்தப் பறவை எவ்வளவு தப்பியது என்று சொல்ல, இனவாரிப் பதிவு வேண்டும். யானையோ சிறுத்தையோ இறந்தால் உடற்கூறாய்வு செய்து கோப்பு எழுதுகிறீர்கள். பக்கிக்கும் ஆந்தைக்கும் அந்தக் கோப்பில் ஒரு வரி கொடுங்கள். பண்ணாரி–திம்பம் சாலையில் ஓராண்டு செய்து பாருங்கள். எந்த வளைவில் எந்த இனம் அதிகம் சாகிறது என்பதை வெளியிடுங்கள். அதை வைத்து, இந்த இடத்தில் வேகத்தடை போடுங்கள் என்று நெடுஞ்சாலைத் துறையிடம் நாங்களும் கேட்போம்.

இப்படிக்கு,
சத்தியமங்கலம் காட்டுச் சாலையில் பறவை பார்க்கும் ஒருவர்