சின்னவனைத் தூக்காதே

அம்மு,

நேற்று ஃபோனில் "சும்மா செக்கப்தான்மா" என்றாய். சரி என்று வைத்துவிட்டேன். ஆனால் தேதி குறித்தாகிவிட்டது, கர்ப்பப்பையை எடுக்கப்போகிறார்கள் என்று மாப்பிள்ளை முந்தாநாளே அப்பாவிடம் சொல்லிவிட்டார். அவரைத் திட்டாதே, பயத்தில் சொல்லியிருக்கிறார். ஏன் மறைத்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

ரத்தம் எவ்வளவு இருக்கிறது உனக்கு? ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் அதை முதலில் ஏற்றப் பார்ப்பார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால் ஒரு வேளைகூட விடாதே, மலம் கருப்பாகப் போனால் பயப்படாதே, அது மாத்திரையால்தான். அப்புறம், சினைப்பையையும் சேர்த்து எடுக்கிறார்களா, கர்ப்பப்பை வாய் இருக்குமா போகுமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேள். கையெழுத்துப் போடும் தாளைப் படித்துவிட்டுப் போடு.

எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது நான் அந்தத் தாளைப் படிக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து இரண்டாவது வாரம், நடுராத்திரி உடம்பெல்லாம் தீயாய் எரிந்து தலையணை வியர்வையில் ஊறிப்போனது. காலையில் சித்தி டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் படித்த பிறகுதான் சினைப்பை இரண்டும் போய்விட்டது என்று தெரிந்தது. அது போனால் மெனோபாஸ் மெல்ல மெல்ல வராது, ஒரே நாளில் வந்து நிற்கும். எடுக்கக் காரணம் இருந்தால் எடுக்கட்டும், உன்னிடம் சொல்லிவிட்டு எடுக்கட்டும்.

லேப்ராஸ்கோப்பி என்றால் சின்ன ஓட்டைதான், சீக்கிரம் எழுந்துவிடலாம் என்பார்கள். வெளியேதான் அம்மு தழும்பு சின்னது. உள்ளே ஒரு தையல் இருக்கிறது, அது ஆற 6 வாரமாவது வேண்டும். அதுவரை கனமாக எதையும் தூக்காதே. சின்னவன் காலைக் கட்டிக்கொண்டு தூக்கு என்பான், நீ உட்கார்ந்துகொண்டு அவனை மடியில் ஏறச் சொல். நீயோ 3 வாரத்தில் வேலைக்கு வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாயாமே. அத்தனை பேரை வைத்து நீ ஒருத்தியாக நடத்துவதில் எனக்கு இருக்கிற பெருமையை யாரிடம் சொல்ல? இருந்தாலும், லீவு கேட்க உனக்கு என்ன கூச்சம்?

எழும்போது நேராக எழாதே, ஒருக்களித்துப் புரண்டு கையை ஊன்றி எழு. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொள். தோள்பட்டை வலித்தால் பயப்படாதே, வயிற்றுக்குள் ஏற்றிய வாயுவால் வருகிற வலி அங்கேதான் தெரியும். மலச்சிக்கலுக்கு முக்காதே, தண்ணீர் குடி, மருந்து கேள். மறுநாளே மெதுவாக நடக்கச் சொல்வார்கள், சோம்பாதே, படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, துர்நாற்றம் வந்தாலோ, ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு நனைந்தாலோ அந்த நிமிஷமே கிளம்பு. பொறுத்துக்கொண்டு இருக்காதே.

பொறுத்துக்கொள் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே.

உனக்கு 15 வயது. ராத்திரி 11 மணிக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டு வந்து பார்த்தேன். பாத்ரூமில் குனிந்து யூனிஃபார்மை அலசிக்கொண்டிருந்தாய், வாளி முழுக்கச் சிவப்பு, கட்டி கட்டியாக. "இவ்வளவு போகுமாம்மா?" என்று கேட்டாய். எல்லாருக்கும் அப்படித்தான், பொறுத்துக்கோ என்றேன். எனக்கும் அப்படித்தான் போனது, அதனால் சொன்னேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். கல்யாணமாகாத பெண்ணை அந்த டாக்டரிடம் கூட்டிப்போனால் நாலு பேர் என்ன பேசுவார்களோ என்று பயந்தேன். உன் வெளிறிய முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பயந்தேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் கேட்கவே இல்லை. மாதாமாதம் நீயே அலசி நீயே காயப்போட்டாய், நானும் பொறுப்பான பெண் என்று மெச்சிக்கொண்டேன்.

நான் வரட்டுமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல், செக்கப் என்று மட்டும் சொல்லாதே. வந்தால் எதுவும் பேச மாட்டேன், சின்னவனைப் பார்த்துக்கொள்கிறேன். 6 வாரமும் இருக்கிறேன்.

தூக்காதே, சொல்லிவிட்டேன்.

அம்மா